அண்ணாச்சி பதில்கள்: விமானம் ஓட்டாத விமானப்படைப் பிள்ளைகள்

போன இதழில் ரேடார் (தூரத்தில் வரும் விமானத்தை ரேடியோ அலையால் கண்டுபிடிக்கும் கருவி) பற்றிய ஒரு பதிலில், "விமானப்படையில் நான் பார்த்த வேலையை எனக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. பென்ஷன், ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவ கார்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, விமானத்தைத் தொடாத பெண்களை விமானப்படை என்று எப்படிச் சொல்வது? டெலிபோன் எடுப்பதும் மேஜையில் குறி வைப்பதும் ஆபீஸ் வேலைதானே?
*கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை*

தம்பி, நானும் சர்வீஸ் முழுக்க விமானம் ஓட்டியதில்லை. லீவில் வந்து வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் கேள்வி, "பிளேன் ஓட்டுதியாடே?" என்பதுதான். இல்லை, ரேடார் என்று சொன்னதும் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். எந்த நாட்டு விமானப்படையை எடுத்தாலும் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மிச்சப் பேரெல்லாம் தரையில் நிற்கிறவர்கள்.

இரண்டாம் உலக யுத்தம், 1940 கோடைக்கு வாருங்கள். ஜெர்மன் விமானங்கள் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைய சில நிமிஷங்கள் போதும். எந்நேரமும் வானத்திலேயே காவல் சுற்ற பிரிட்டிஷ்காரர்களிடம் அத்தனை விமானமும் இல்லை, அத்தனை பைலட்டும் இல்லை. எதிரி வரும் திசையும் உயரமும் எண்ணிக்கையும் தெரிந்தபிறகுதான் விமானத்தைக் கிளப்ப முடியும். அதற்காகக் கடற்கரை நெடுக ரேடார் கோபுரங்கள் நட்டிருந்தார்கள். திரையில் நடுங்கும் பச்சைக் கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அதைப் பார்த்து, 'இத்தனை மைல் தூரம், இத்தனை விமானம்' என்று படித்துச் சொல்ல வேண்டும். திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் டபிள்யூ.ஏ.ஏ.எஃப். என்கிற பெண்கள் துணை விமானப்படைப் பிள்ளைகள். 1939 ஜூன் 28-ல் தொடங்கிய படை அது. முதலில் சமையல், டிரைவர், குமாஸ்தா வேலைகளைத்தான் கொடுத்தார்கள். ரேடார் வேலைக்குப் பெண்களை உட்காரவைத்துப் பார்த்தபோது அவர்களுக்கு அது நன்றாகவே வந்தது. எதுவும் தெரியாத திரையை மணிக்கணக்காகக் கவனம் சிதறாமல் பார்க்க வேண்டும். எங்கள் யூனிட்டில் ராத்திரி ஷிப்டில் வாட்டசாட்டமான ஆட்களே தூங்கி வழிவார்கள்.

திரையில் படித்தது டெலிபோனில் பெண்ட்லி பிரையரி என்ற இடத்தின் ஃபில்டர் ரூமுக்குப் போகும். நாலு ஸ்டேஷன் நாலு விதமாகச் சொல்வதை ஒப்பிட்டு, எது நிஜம் என்று அங்கே முடிவு செய்வார்கள். அங்கிருந்து ஆபரேஷன் ரூம். பெரிய மேஜை, மேலே வரைபடம், சுற்றி ஹெட்போன் மாட்டிய பிள்ளைகள். கையில் களத்து மேட்டில் நெல் தள்ளும் பலகையைச் சின்னதாகச் செய்து நீளக் காம்பு போட்ட மாதிரி ஒரு குச்சி. அதால், வரும் விமானங்களைக் காட்டும் அம்புக்குறிகளை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் இருக்கும் கடிகாரத்தில் ஐந்தைந்து நிமிஷத்துக்கு ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம். எந்த நிறத்தில் முள் நிற்கிறதோ அந்த நிற அம்பைத்தான் வைக்க வேண்டும். மேலே மாடத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு எது புதுத் தகவல், எது பழசு என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இதை யோசித்தவனுக்கு நான் இன்றைக்கும் சல்யூட் அடிப்பேன். எங்கள் காலத்தில் மேஜை போய், நிற்கும் பெர்ஸ்பெக்ஸ் பலகை, அதாவது கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பலகை, வந்துவிட்டது. பின்னால் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். இப்போதும் பேத்தியின் நோட்டில் அவள் பெயரை வலமிருந்து இடமாக எழுதிக் காட்டினால் சிரிக்கிறாள்.

ஆபீஸ் வேலை என்றீர்களே, பிகின் ஹில் விமானத் தளத்தைக் கேளுங்கள். 1940 ஆகஸ்ட் 18-ல் அங்கே குண்டு விழுந்தபோது ஜோன் மார்ட்டிமர் என்ற சார்ஜென்ட், சுற்றிலும் வெடிமருந்து இருந்த ஆயுதக் கிடங்கில் டெலிபோனை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் வெளியே போய், வெடிக்காமல் கிடந்த குண்டுகள் பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டார். செப்டம்பரில் ஆபரேஷன் ரூமிலேயே குண்டு விழுந்தது. ஹெலன் டர்னரும் எல்ஸ்பெத் ஹெண்டர்சனும் அப்போதும் லைனை விடவில்லை. மூன்று பேருக்கும் மிலிட்டரி மெடல் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

ரஷ்யாவில் பெண்களே துணி விமானத்தில் போய்க் குண்டு போட்டார்களாமே, நம்பலாமா?
*ஓய்வுபெற்ற தபால்காரர், அம்பாசமுத்திரம்*

நம்பலாம் சார். மரச்சட்டம், மேலே துணி, போ-2 என்று பெயர். பயிற்சிக்கும் வயலுக்கு மருந்து அடிக்கவும் வைத்திருந்த விமானம். மரீனா ராஸ்கோவா என்ற பெண் விமானி முயற்சி எடுத்து 1941-ல் மூன்று பெண்கள் ரெஜிமெண்டுகளை, அதாவது படைப்பிரிவுகளை, உண்டாக்கினார். அதில் 588-வது ரெஜிமெண்டுதான் நீங்கள் சொல்வது. ராத்திரியில் மட்டும் பறக்கும். இலக்கு நெருங்கியதும் இன்ஜினை அடக்கிவிட்டுக் காற்றில் வழுக்கி இறங்குவார்கள். கீழே இருக்கிறவனுக்கு உஸ்ஸென்ற சத்தம்தான் கேட்கும். ஜெர்மன்காரன் அவர்களுக்கு 'இரவுச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தான்.

சுமக்க முடிந்தது கொஞ்சம் குண்டு. அதனால் திரும்பி வந்து, ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்ப வேண்டும். ஒரே இரவில் எட்டு, பத்து முறைகூட. யுத்தம் முடிவதற்குள் 23,000 தடவைக்கு மேல் பறந்திருக்கிறார்கள். 1944 வரை பாராசூட் கிடையாது. குண்டு ஏற்றியதும் இன்ஜின் பார்த்ததும்கூடப் பெண்கள்தான். ரஷ்யப் பனியில், இருட்டில், ஸ்பேனர் பிடித்த அந்தப் பிள்ளைகளை யாரும் படம் எடுத்து மாட்டவில்லை என்பது என் வருத்தம். தரை ஆள் புத்தி, விடாது. அந்த ரெஜிமெண்டில் 23 பேர் சோவியத் வீரர் பட்டம் வாங்கினார்கள். 1945 அக்டோபரில் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள்.

திப்பு சுல்தான் வம்சத்துப் பெண் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தாரா?
*வாசகி, மேலப்பாளையம்*

இருந்தார் அம்மா. நூர் இனாயத் கான். அப்பா இந்திய சூஃபி இசைக்கலைஞர், அம்மா அமெரிக்கர். மாஸ்கோவில் பிறந்து பாரிஸ் பக்கம் வளர்ந்தவர். குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். 1940 நவம்பரில் டபிள்யூ.ஏ.ஏ.எஃப்.-இல் சேர்ந்து மோர்ஸ் என்கிற தந்திக் குறி கற்றார். அங்கிருந்து பிரிட்டனின் ரகசியப் பிரிவு அழைத்துக்கொண்டது. 1943 ஜூனில், ஜெர்மன்காரன் பிடியில் இருந்த பிரான்சில் விமானத்தில் போய் இறங்கினார். அப்படி அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான்.

அவர் போய் இறங்கிய சில நாட்களில் கூட வேலை பார்த்த ரகசியக் கூட்டமே மாட்டிக்கொண்டது. திரும்பி வா என்று லண்டன் சொல்லியும் வரவில்லை. வயர்லெஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். மோர்ஸ் கட்டையைத் தட்டிச் சேதி அனுப்பிப் பார்த்தவனுக்குத்தான் இது புரியும்: சேதி அனுப்ப ஏரியல் கட்ட வேண்டும், அனுப்புகிற ஒவ்வொரு நிமிஷமும் நீ இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். திசை கண்டுபிடிக்கும் வண்டிகள் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தன. அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13-ல் ஜெர்மனியின் டாக்காவ் சிறை முகாமில் சுட்டுக் கொன்றார்கள். 1949-ல் ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது கொடுத்தார்கள்.

சம்பளமாவது சமமாகக் கொடுத்தார்களா?
*பீடி சுற்றும் பெண், ஆலங்குளம்*

இல்லை தங்கச்சி. டபிள்யூ.ஏ.ஏ.எஃப். பெண்களுக்கு ஆண்கள் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்காவில் இன்னும் மோசம். வாஸ்ப் என்கிற பெண் விமானிகள் அமைப்பில் 1,074 பெண்கள் பயிற்சி முடித்து, தொழிற்சாலையிலிருந்து போர் விமானங்களை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் கணக்கில் சிவிலியன். 38 பேர் இறந்தார்கள். உடலை ஊருக்கு அனுப்பக்கூட அரசாங்கம் செலவு செய்யவில்லை, கூட இருந்த பிள்ளைகள் காசு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைப் படையினர் என்று ஒப்புக்கொள்ளச் சட்டம் வந்தது 1977-ல். உங்கள் கேள்விக்குத்தான் இந்த இதழில் என் ஓட்டு.

எங்கள் ஊர் ரன்வே அந்த யுத்தத்தில் போட்டதுதானே? நம் நாட்டுப் பெண்கள் யாரும் சேரவில்லையா?
*காற்றாலை ஊழியர், கயத்தாறு*

அந்த யுத்தத்தில் போட்டதுதான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் தெற்கே எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அதே 1942-ல் இங்கேயும் டபிள்யூ.ஏ.சி.ஐ. என்ற பெண்கள் துணைப்படை வந்தது. அதில் விமானப்படைக்கென்று ஒரு பிரிவு. டெலிபோன், குமாஸ்தா வேலை, மேஜையில் குறி வைப்பது எல்லாம் நம் பெண்களும் செய்தார்கள், காக்கிச் சேலை கட்டிக்கொண்டு. யுத்தம் முடிந்தது, படையும் போனது. டாக்டர், நர்ஸ் தவிர மற்ற வேலைக்கு நம் விமானப்படை பெண் அதிகாரிகளை எடுத்தது 1990-களில்தான்.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு விமானப்படையில் சேர அக்னிவீர் வாயு தேர்வு எழுதுவேன் என்கிறாள். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று என் தம்பி குதிக்கிறான். என்ன செய்ய?
*ஒரு தாய், வீரவநல்லூர்*

எழுதட்டும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நாலு வருஷம்தான். அது முடிந்து நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் பேர் வரைதான். மற்றவர்கள் கையில் வரும் பணத்தோடு வெளியே வர வேண்டும். அதனால் உள்ளே இருக்கும்போதே கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், ஒரு டிகிரி படித்துவிட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். உடல் தகுதிக்கு 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும், இன்றைக்கே ஓட ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கண் டாக்டரிடம் இப்போதே காட்டிவிடுங்கள், கடைசியில் மெடிக்கலில் போய் அழ வேண்டாம்.

இன்னொன்று, கல்யாணம் ஆகாதவர்களைத்தான் எடுப்பார்கள், நாலு வருஷமும் கல்யாணப் பேச்சு கூடாது. உங்கள் தம்பிக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறானா என்று கடிதத்தில் எழுதவில்லையே தாயி?