பெஞ்சில் இருந்தவன் பக்கம்

அன்புள்ள அம்மா,

எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 13 வயது, கால்பந்து ஆடுகிறான். இளையவனுக்கு 10, நீச்சல். கணவருக்கு சனி, ஞாயிறுகளில்தான் வேலை அதிகம். அதனால் இருவரையும் கூட்டிக்கொண்டு அலைவது நான்தான்.

போன சனிக்கிழமை காலை இருவருக்கும் ஒரே நேரத்தில், ஊரின் இரண்டு கோடியில் போட்டி. சின்னவனை அவனோடு நீந்தும் பையனின் பெற்றோருடன் அனுப்பிவிட்டு, நான் பெரியவனோடு மைதானத்துக்குப் போனேன். அவனைக் கடைசிப் பத்து நிமிடம்தான் இறக்கினார்கள். மற்ற நேரமெல்லாம் பெஞ்சில். அங்கே சின்னவன் 50 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மூன்றாவதாக வந்து முதல் பதக்கம் வாங்கிவிட்டான். வீடியோ வந்தது. மைதானத்தின் ஓரத்தில் நின்று அழுதேன்.

திரும்பும்போது காரில் வாய் தவறிவிட்டது. "உன் பத்து நிமிஷத்துக்காக தம்பியோட மெடலை விட்டுட்டேன்டா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே வந்தான். மறுநாளும் இருவருக்கும் போட்டி. "நீ தம்பிகூடப் போம்மா" என்றான். போனேன். அன்று பெரியவன் முதல் பாதி முழுக்க ஆடினானாம்.

இரண்டு பிள்ளைகளுக்கும் நியாயமாக இருப்பது எப்படி? நான் யார் பக்கம் நிற்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

நியாயம் பற்றிய உங்கள் கேள்வியைவிட அந்த ஷூ லேஸ்தான் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் நின்ற இடம் சரியான இடம். சின்னவன் சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது அவனுக்குக் கைதட்ட ஆள் இருந்தது. கோச் இருந்தார், கூட நீந்தியவர்கள் இருந்தார்கள், வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பவும் ஒருவர் இருந்தார். பெஞ்சில் இருந்தவனுக்கு யார்? கோச்சின் கண் பந்தின்மேல். நண்பர்கள் மைதானத்துக்குள். பெரியவர்களின் கால்பந்தில் ஒருமுறை வெளியே வந்தவர் பொதுவாகத் திரும்ப இறங்க முடியாது. சிறுவர் ஆட்டங்களில் பல இடங்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றி இறக்கலாம். நல்ல விதிதான். ஆனால் பெஞ்சில் இருக்கும் பையனுக்கு அதுவே வேதனை. எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்பதால் அவனால் நிம்மதியாக உட்காரவே முடியாது. கோச் திரும்பும்போதெல்லாம் நிமிர்வான். ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதி இறக்கி வைத்திருப்பான். கூப்பிடாதபோது யாரும் பார்த்துவிட்டார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பான். என் மூத்த மகனை அப்படிப் பார்த்திருக்கிறேன், ஒரு பருவம் முழுக்க. அந்த நேரத்தில் அவன் பார்வை வந்து நிற்க ஒரு முகம் வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் அங்கே இருந்தீர்கள். காரில் அதைப் பத்து நிமிடக் கணக்காக மாற்றிச் சொல்லிவிட்டீர்கள். அவனுக்கு வலித்தது அதுதான். 'தம்பிகூடப் போ' என்றதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இனி என்னால் உனக்கு நஷ்டம் வேண்டாம் என்கிறான்.

மன்னிப்புக் கேளுங்கள். சுருக்கமாக, காரணம் சொல்லாமல். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்பது போதும். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் செய்த ஏதாவது ஒன்றையும் சொல்லுங்கள்: ஒரு பாஸ், துரத்திப் போய்ப் பறித்த ஒரு பந்து. வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதுவும் கண்ணில் படவில்லை என்றால், அதையும் அவனிடம் மறைக்காதீர்கள். 13 வயதுப் பையனுக்கு அம்மாவின் கண் எங்கே இருந்தது என்று தெரியும்.

இனி தவறவிட்ட பதக்கம். என் இளையவன் பேட்மின்டன் ஆடினான். அவன் முதன்முதலாக மூன்று கேம் வரை இழுத்து ஜெயித்த ஆட்டத்தன்று நான் அண்ணனோடு வேறிடத்தில் இருந்தேன். இரவு வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கினான். நடுவில் ஸ்கேலை வைத்தான், அது நெட். ஒரு டம்ளர் அவன், உப்பு டப்பா எதிராளி, பேனா மூடி இறகுப்பந்து. கடைசி கேமில் 19–20 என்று பின்தங்கியதிலிருந்து ஆரம்பித்தான். 20–20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும் என்பதால் அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியையும் ஆடிக் காட்டினான். 24–22 வருவதற்குள் சோறு ஆறிப்போயிருந்தது. நான் நேரில் பார்த்திருந்தால் அந்த டம்ளரும் டப்பாவும் நகர்ந்தே இருக்காது. கூட இருந்த அம்மாவிடம் யார் கதை சொல்வார்கள்?

அதனால் சின்னவனிடம் "வீடியோல பார்த்துட்டேன்" என்று முடித்துவிடாதீர்கள். அவன் வாயால் கேளுங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட வேண்டும், இல்லையென்றால் தகுதி நீக்கம். எவ்வளவு வேகமாக வந்தாலும் கணக்கில் வராது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பயம். கை எப்படித் தொட்டது, பக்கத்து லேன் பையன் தெரிந்தானா, மூன்றாவது என்று எப்போது தெரிந்தது என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்த பந்தயத்தை அரை மணி நேரம் சொல்வான்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டன் டென்னிஸ் வீரர்கள் ஜேமி, ஆண்டி இருவரின் அம்மா ஜூடி முர்ரேயின் நினைவு வந்தது. இரண்டு மகன்களுக்கும் முதல் டென்னிஸ் கோச் அவர்தான். மூத்தவர் ஜேமி 12 வயதில் வீட்டை விட்டுத் தொலைவாகப் பயிற்சிக்குப் போய், மனம் நொந்து சில மாதங்களில் திரும்பி வந்தவர். இளையவர் ஆண்டிக்குத்தான் பெரிய பெயர். 2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் ஒரே வார இறுதியில் இருவருக்கும் இறுதிப் போட்டி. சனிக்கிழமை இரவு ஜேமி இரட்டையர் பட்டம் வென்றார், ஞாயிற்றுக்கிழமை ஆண்டி ஜோகோவிச்சிடம் தோற்றார். எனக்குப் பிடித்தது இவை இரண்டுக்கும் நடுவில் நடந்தது. மறுநாள் இறுதிப் போட்டி இருந்தும், நள்ளிரவு தாண்டி ஆண்டி அரங்குக்கு வந்து அண்ணன் கோப்பை வாங்குவதைப் படம் எடுத்தார். நீ தூங்கப் போயிருக்க வேண்டுமே என்று ஜேமி மேடையிலிருந்தே கடிந்துகொண்டார். அண்ணன் தம்பிக்குள் இது தானாக வந்துவிடாது. ஒருவனின் வெற்றியைக் காட்டி இன்னொருவனைக் குத்தும் வீட்டில் வரவே வராது.

சில நடைமுறை விஷயங்கள். பாதி இங்கே, பாதி அங்கே என்று ஓடாதீர்கள். நானும் ஓடியிருக்கிறேன். முதல் பாதியோடு கிளம்பி, சிக்னல் சிக்னலாக நின்று போய்ச் சேர்ந்தால் பிள்ளை தலை துவட்டிக்கொண்டிருப்பான். நீச்சலில் பிள்ளை இறங்கும் ஹீட், அதாவது அவனுடைய சுற்று, எப்போது வரும் என்று சரியாகச் சொல்லவும் முடியாது. ஓரிடம் என்றால் கடைசிவரை அங்கேயே இருங்கள், போன் பைக்குள் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவே இருவரையும் உட்காரவைத்து, நாளைக்கு யாருக்கு நான் வேண்டும் என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டியதில்லை. பெரிய ஆட்டத்துக்கு வரவேண்டாம், பயமாக இருக்கிற சின்ன ஆட்டத்துக்கு வா என்பார்கள் சில சமயம். வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது பயிற்சியும் போட்டியும் இல்லாமல் பிள்ளைகள் ஓய்வெடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி சொல்கிறது. இரண்டு நாளும் இப்படி ஓடும் உங்களுக்கும் அது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவன் முதல் பாதி முழுக்க ஆடினானாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள் என்று எழுதவில்லை. அவன் வாயால் வந்தது இல்லையென்றால், இன்று இரவே கேளுங்கள். வீட்டில் யாரும் பார்க்காத ஆட்டம் அது.