வாயிலோன் பேசிய தமிழ்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த ஆண்டு வாரத்துக்கு ஒரு பீரியட் நாடகத்துக்கென்று ஒதுக்கி, அதை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் நாடகம் படித்தவள் இல்லை. கல்லூரியில் ஒரே ஒரு முறை மேடை ஏறியிருக்கிறேன், அவ்வளவுதான். வகுப்பில் 44 பேர். அரங்கம் எதுவும் கிடையாது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பிள்ளைகளை ஒரு காட்சி செய்யச் சொன்னால் டாக்டர், கலெக்டர், நீதிபதி எல்லாரும் செய்தி வாசிப்பது போலப் பேசுகிறார்கள். திருடன், குடிகாரன், ரவுடி என்று வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சுக்கு மாறுகிறார்கள். உடனே வகுப்பே சிரிக்கிறது. "இன்னா, கீது எல்லாம் மேடையில் வரலாமா? தமிழாசிரியை நீங்களே அதை விடலாமா?" என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. இன்னொன்று, எந்தக் காட்சியானாலும் அதே நான்கு பையன்கள்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அவளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஆண்டு விழாவுக்கு ஒரு நல்ல நாடகப் பிரதியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். பிரதியைக் கையில் எடுத்த அன்றே வகுப்பு ஒத்திகையாகிவிடும். ஆறு பேர் வசனம் மனப்பாடம் செய்வார்கள், மீதி 38 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். 2022 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழா எனக்குப் பிடித்த விஷயம்தான், நம் பிள்ளைகளுக்கு ஒரு மேடை கிடைக்கிறது. ஆனால் அது போட்டி. உங்கள் கையில் இருப்பது வாரம் ஒரு பீரியட். அதில் பிள்ளைகள் எல்லாருமே நடிக்க வேண்டும், எல்லாருமே பார்க்க வேண்டும்.

இனி மொழிக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பகுதிதான்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். எட்டாம் வகுப்பில் ஒரு நாடகம் போட்டார்கள். எனக்கு மந்திரி வேஷம் வேண்டும் என்று ஆசை. ஒரு பக்க வசனத்தை இரவெல்லாம் படித்துவிட்டுப் போனேன். வாத்தியார் இரண்டு வரி கேட்டார். "உன் பேச்சுக்குத் திருடன் வேஷம்தான்டா சரியா இருக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, என்மேல் பிரியமும் உண்டு. திருடனாக நடித்தேன், நன்றாகவே கைதட்டினார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒன்று பதிந்துவிட்டது. என் அம்மா பேசுவது திருடன் பேசுகிற மொழி.

உங்கள் பிள்ளைகளுக்கும் யாரும் வாயால் சொல்லித் தராமலே அது தெரிந்திருக்கிறது. ஒற்றைவாடை அரங்கம் இருந்த வால்டாக்ஸ் சாலை உங்கள் பள்ளிக்கு அவ்வளவு தூரமில்லை. நாடகம் நம் பகுதிக்குப் புதிதே கிடையாது. ஆனால் மேடையும் அப்புறம் சினிமாவும் இந்தப் பேச்சுக்குக் கொடுத்த வேலை பெரும்பாலும் இரண்டுதான்: சிரிக்க வைப்பது, இல்லையென்றால் மிரட்டுவது. அதனால்தான் டாக்டர் ஆனதும் பையன் செய்தி வாசிக்கிறான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படிப் பேசுவார் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் மணிக்கணக்கில் வரிசையில் நின்றிருப்பான். வகுப்பில் நடிக்க வந்தவுடன் அதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு வருகிறான். பேச்சை விடும்போது கூடவே தான் பார்த்ததையும் விட்டுவிடுகிறான். எனக்கு இதில் வருத்தமே அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் வாரம் ஒரு நாள் நாடக வகுப்பு எடுத்தேன். அங்கே நடந்த ஒன்றை விரிவாகவே சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை எடுத்துக்கொண்டோம். கண்ணகியாக நடிக்க ஐந்து பேர், பாண்டியனாக நடிக்க எட்டுப் பேர் கை தூக்கினார்கள். அரண்மனை வாசல் காவல்காரனான வாயிலோன் வேஷத்துக்கு ஆள் இல்லை. மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பையனை எழுப்பினேன். வந்து நெஞ்சில் கை வைத்து, "வணக்கம் மன்னா! தங்களைக் காண ஒரு மாது வந்திருக்கிறாள்" என்றான். எல்லா ஆண்டு விழாவிலும் கேட்டிருப்பீர்களே, அதே குரல்.

நான் திருத்தவில்லை. "வாசலில் நிற்பது உன் வேலை. அந்தம்மா கோபமாக வந்திருக்கிறார். உள்ளே இருப்பவர் உனக்குச் சம்பளம் கொடுப்பவர். இப்போது உனக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "எங்கப்பா செக்யூரிட்டி சார்" என்றான். வகுப்பு அமைதியானது. சரி, உங்கப்பா மாதிரி உள்ளே போய்ச் சொல் என்றேன்.

வகுப்பின் கதவருகே போனான். செருப்பைக் கழற்றினான். நான் சொல்லவே இல்லை, அவனாகக் கழற்றினான். பாண்டியன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேரே வராமல், கொஞ்சம் பக்கவாட்டில் வந்து நின்றான். "சார்... வெளிய ஒரு அம்மா வந்துகீறாங்க சார். கையில ஒத்த சிலம்பு வச்சினுகீறாங்க. கோவமா வந்தாங்களா இன்னான்னு தெரியல சார். வூட்டுக்காரரு எறந்துட்டாராம். உள்ள உடவா சார்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதே 'கீறாங்க', அதே 'இன்னா'. பாண்டியனாக இருந்த பையன் அதுவரை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவன், கையைக் கீழே இறக்கிவிட்டு "வர சொல்லு" என்றான். அவனுக்கும் பயம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மூலத்தைப் படித்தோம். உங்கள் சக ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. வாசலில் கண்ணகி அவனை எப்படிக் கூப்பிடுகிறாள்? "அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே" என்கிறாள். முறை தவறிய அரசனின் காவல்காரனே என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனவன் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லவில்லை. "வாழியெங் கொற்கை வேந்தே வாழி" என்று தொடங்கி ஆறு முறை வாழி வாழி என்கிறான். அதில் ஒன்று "பழியொடு படராப் பஞ்சவ வாழி". பழி அண்டாதவனாம்! இப்போதுதானே வாசலில் நேர்மாறாகக் கேட்டான்? "அந்தம்மா திட்டுனத இவரு உள்ள சொல்லவே இல்ல சார்" என்று கண்டுபிடித்தது ஒரு மாணவி. நான் பல முறை படித்தும் கவனிக்காத இடம் அது. அப்புறம், கொற்றவை அல்லள், தாருகன் மார்பைக் கிழித்தவளும் அல்லள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்" என்கிறான். பகையும் கோபமும் கொண்டவள் போலத் தெரிகிறது என்று பொருள். வாயிலோனாக நடித்த பையன் அந்தப் 'போலும்'மில் விரலை வைத்து, "நான் தெரியல சார்னு சொன்னேன்ல, அது" என்றான்.

இளங்கோவின் வரியைத் தண்டையார்பேட்டைப் பையன் சென்று தொடுவதற்கு வழி அவன் வீட்டுப் பேச்சு வழியாகத்தான் போகிறது. அவன் பேச்சை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டால் அந்த வரி அவனுக்கு ஐந்து மதிப்பெண் மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிடும். ஆகவே விடுங்கள், தாராளமாக விடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: அந்தப் பேச்சு திருடனுக்கு மட்டும் கிடையாது, நீதிபதியும் அதில்தான் பேச வேண்டும். முதல் இரண்டு வாரம் சிரிப்பார்கள். மூன்றாவது வாரம் கேட்க ஆரம்பிப்பார்கள்.

நீங்கள் நாடகம் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் படித்திருக்கிறீர்களே. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைவிட நல்ல நடிப்புப் பாடம் எனக்குத் தெரியாது. நகை, அழுகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்கிறது. மொத்தம் 32 காரணங்கள். பிள்ளையிடம் "அழு" என்று சொன்னால் முகத்தைச் சுருக்கும். இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை, இதில் எது உனக்கு நடந்தது என்று கேட்டால் யோசிக்கும். அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்கிறது. வாயிலோனைப் பாருங்கள், வாசலுக்கு வெளியே அணங்கு, உள்ளே இறை. நடுவில் அவன்.

வெளிநாட்டுப் பள்ளிகளில் நாடகத்தைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டோரதி ஹெத்கோட் என்ற ஆசிரியை, வகுப்பில் தானே ஒரு பாத்திரமாக மாறிவிடுவார். பிள்ளைகள் அவரோடு பேசிப் பேசியே கதையை உண்டாக்குவார்கள். நீங்கள் ஒரு நாள் கண்ணகியாக வாசலில் நின்று பாருங்கள். டீச்சரைத் தடுத்து நிறுத்துகிற அனுபவம் அந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை கிடைத்திருக்காது. ஒரு பிள்ளையைப் பாத்திரமாகவே நாற்காலியில் உட்கார வைத்து மற்றவர்கள் கேள்வி கேட்கிற பயிற்சியும் அங்கே உண்டு. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வது இதைத்தான். வேஷம் வந்து நின்றதும் யார் நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று அவன்தானே கேட்கிறான்? உங்கள் பிள்ளைகளில் சிலராவது ஊர்ப் பக்கம் ஆடித் திருவிழாவில் பார்த்திருப்பார்கள். அவர்களையே கேளுங்கள், செய்து காட்டுவார்கள்.

அந்த நான்கு பையன்களை அடக்காதீர்கள். அவர்களைக் கட்டியங்காரன்கள் ஆக்குங்கள். பேச்சு இருக்கட்டும், ஆனால் கேள்வியாக மட்டும். பதில் சொல்வது மற்றவர்கள் வேலை. வாயாடிப் பிள்ளைகள் அடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்கப் பழகுவது நாடக வகுப்பில் கிடைக்கும் பெரிய லாபம். பிரேசிலின் அகஸ்டோ போவால் பார்வையாளரையே காட்சிக்குள் இறக்கினார். நாடகத்தை நடுவில் நிறுத்தி, "இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், வந்து செய்யுங்கள்" என்று அழைப்பார். தண்ணீர் லாரி வரிசையில் ஒரு சண்டை, பஸ்ஸில் ஒரு பெண்ணிடம் ஒருவன் தகராறு செய்வது, இப்படி ஒரு காட்சியை எடுத்தால் உங்கள் வகுப்பில் பத்துப் பேர் எழுந்து வருவார்கள்.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். 22 பேர் நடுவில், 22 பேர் சுவரோரம், பாதி நேரத்தில் மாற்றிவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு ஒரே கேள்வி: எந்த இடத்தில் நம்பினாய், எந்த இடத்தில் நம்பவில்லை? 'சூப்பர்', 'மொக்கை' இரண்டையும் ஏற்காதீர்கள். கன்டெய்னர் லாரிச் சத்தம் இருக்கும்தான். அந்தச் சத்தத்தில் கத்தாமல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுவதையே ஒரு பயிற்சியாக வையுங்கள்.

மதிப்பெண்ணை நடிப்புக்குப் போடாதீர்கள். ஆளுக்கு ஒரு நோட்டு கொடுங்கள். வாரம் அரைப்பக்கம் போதும்: இந்த வாரம் வெளியே யாரைக் கவனித்தாய், அவருக்கு என்ன வேண்டியிருந்தது, எது தடுத்தது. மீன் மார்க்கெட்டில், ரேஷன் கடையில், மாடிப்படியில், எங்கே வேண்டுமானாலும். வீட்டில் பேசுவது போலவே எழுதட்டும். அதற்கு மதிப்பெண் போடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைக் காட்டி யாராவது இந்த பீரியடைக் கேட்டால் அந்த நோட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண். அவளைப் பேச வைக்க முயலாதீர்கள். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேரோடு இருக்கிற பிள்ளை பேசாமல் இருப்பதற்கு நமக்குத் தெரியாத காரணங்கள் இருக்கலாம். ஒரு பழைய வேட்டியோ போர்வையோ எடுத்துப்போங்கள். கூத்தில் வேஷம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்களே, ஒரு முனையை அவளிடம் கொடுங்கள். திரையை எப்போது இறக்குவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். ராஜாவானாலும் கண்ணகியானாலும் அவள் இறக்கினால்தான் தெரிய முடியும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவசரப்படுத்தாதீர்கள், மற்றவர்களும் காத்திருக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அழைத்தால் ஒரு வகுப்புக்கு நானும் வருகிறேன், சுவரோரம் உட்கார்ந்து பார்க்க.

அன்புடன்.