இரண்டு கிராபிக்ஸ் சிப், ஒரே திரை: லேப்டாப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, அதோடு என்விடியாவோ ஏஎம்டியோ இன்னொன்று. அந்த இரண்டாவதற்காகத்தான் கூடுதலாகப் பணம் கொடுத்திருப்போம். ஆனால் அது வேலை செய்யாது, இல்லையென்றால் அதற்கு டிரைவர் (சிப்பை விண்டோஸோடு சேர்ந்து வேலை செய்யவைக்கும் மென்பொருள்) கிடைக்காது. எழுதியவர்களில் பலர் "நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது" என்று ஆரம்பிக்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். இந்த ஏற்பாடே சிக்கலானது. அதை வாங்குபவருக்கு யாரும் விளக்கிச் சொல்வதும் இல்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் டிசைனராக இருக்கிறேன் சார். லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில் பெரிய அசெம்பிளியைத் திருப்பினாலே திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் இன்டெல்தான் முழு மூச்சாக ஓடுகிறது, என்விடியா சும்மா இருக்கிறது. இன்டெல்லை டிசேபிள் செய்துவிட்டால் என்விடியா தானாக வேலையை எடுத்துக்கொள்ளாதா?

தயவுசெய்து டிசேபிள் செய்யாதீர்கள். பலரும் செய்து பார்த்து மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2010 பிப்ரவரியில் என்விடியா ஆப்டிமஸ் என்ற முறையை அறிவித்தது. அதற்கு முன் வந்த இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்களில், திரையை ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட போர்டிலேயே தனி மாற்றி இருந்தது. அதை மக்ஸ் என்பார்கள். ஆப்டிமஸ் அதை எடுத்துவிட்டது. லேப்டாப்பின் சொந்தத் திரைக்குப் போகும் இணைப்பு இன்டெல்லிடம் மட்டும்தான் இருக்கும். என்விடியா படத்தை வரைந்து இன்டெல்லின் நினைவகத்துக்கு நகல் எடுத்து அனுப்பும், அதை இன்டெல் திரையில் காட்டும். ஆகவே இன்டெல்லை நிறுத்தினால் என்விடியாவுக்கும் திரைக்குப் போக வழி கிடையாது. விண்டோஸின் சாதாரண டிஸ்ப்ளே டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும், எல்லாம் இன்னும் மெதுவாகும். ஏற்கெனவே டிசேபிள் செய்தவர்கள் டிவைஸ் மேனேஜரில் மறுபடி எனேபிள் செய்யுங்கள். திரை இருண்டுவிட்டால் சேஃப் மோடில் (விண்டோஸை அடிப்படை டிரைவர்களோடு மட்டும் திறக்கும் முறை) போய்ச் செய்யலாம்.

உங்களுக்குத் தேவையான வழி விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போங்கள். அங்கே சாலிட்வொர்க்ஸைச் சேர்த்து, ஆப்ஷன்ஸில் "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறங்கள். விண்டோஸ் 10-ல் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் இதே மாதிரி ஒரு இடம் உண்டு. ஆனால் இரண்டும் முரண்பட்டால் விண்டோஸ் சொல்வதுதான் நடக்கும். அங்கே மாற்றியும் பலன் இல்லை என்று புலம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாலிட்வொர்க்ஸுக்கு மட்டும் இன்னும் இரண்டு விஷயங்கள். சிஸ்டம் ஆப்ஷன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் "யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல்" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எந்தக் கார்டும் வேலைக்கு வராது. எல்லா ஃபைலையும் மூடிவிட்டு அந்த டிக்கை எடுங்கள். அடுத்து, ஜிடிஎக்ஸ் என்பது விளையாட்டுக்கான வரிசை. சாலிட்வொர்க்ஸ் சான்று கொடுப்பது குவாட்ரோ மாதிரியான தொழில்முறை கார்டுகளுக்குத்தான். அதனால் மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் ரியல்வியூ பட்டன் மங்கியே இருக்கும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் சரிசெய்த பிறகும் இன்டெல் கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரைக்கு அனுப்புவது அதன் வேலை. அப்புறம், சார்ஜர் போட்டுத்தான் வேலை செய்யுங்கள். பேட்டரியில் என்விடியா முழு வேகத்துக்குப் போகாது.

தர்மபுரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2012-ல் வாங்கிய லேப்டாப், ஐ5 மூன்றாம் தலைமுறை, ரேடியான் 7670எம். விண்டோஸை புதிதாகப் போட்ட பிறகு ஏஎம்டி தளத்தில் எடுத்த டிரைவரைப் போட்டால் ஏறவே மாட்டேன் என்கிறது. இன்டெல் தளத்தில் எடுத்ததைப் போட்டதும் இருந்த ஸ்விட்ச்சிங் மெனுவும் போய்விட்டது. ஆல்பம் வேலை எல்லாம் நிற்கிறது.

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் காலத்து ஏஎம்டி இரட்டை கிராபிக்ஸ் லேப்டாப்களில் இன்டெல் டிரைவரும் ஏஎம்டி டிரைவரும் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்ட ஜோடியாக, லேப்டாப் கம்பெனி மூலமாகத்தான் வந்தன. ஒன்றைத் தனியாக வேறு இடத்திலிருந்து எடுத்துப் போட்டால் ஜோடி கலைந்துவிடும். மாற்றிவிடும் மெனு காணாமல் போனது அதனால்தான்.

அடுத்த கொடுமையைக் கேளுங்கள். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அதே ஆண்டு நவம்பரில் உங்கள் கார்டு உள்ளிட்ட பழைய ரேடியான் வரிசைகளை ஏஎம்டி பழையவை என்று ஒதுக்கிவைத்துவிட்டது. நீங்கள் வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் கார்டைக் கழற்றி வேறு போடலாம். லேப்டாப்பில் சிப் போர்டோடு ஒட்டியது. கழற்றவே முடியாத ஒரு பொருளுக்கு டிரைவர் ஆதரவை இத்தனை சீக்கிரம் நிறுத்துவது வாங்கியவருக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்து, அதைத் தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10-க்கு இல்லையென்றால் 8.1-க்கு உள்ள டிரைவரை எடுங்கள், பல நேரம் அதுவே ஏறும். போடுவதற்கு முன் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் ஓட்டி பழைய மிச்சங்களைத் துடைத்துவிடுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் பாதியிலேயே விண்டோஸ் அப்டேட் தன் டிரைவரைக் கொண்டுவந்து திணிக்கும். முதலில் சிப்செட் (போர்டுக்கான) டிரைவர், அடுத்து இன்டெல் கிராபிக்ஸ், கடைசியில் ஏஎம்டி. இந்த வரிசை மாறக்கூடாது.

அப்படியும் ஒத்துவரவில்லையா? டிவைஸ் மேனேஜரில் ரேடியானை மட்டும் டிசேபிள் செய்துவிட்டு இன்டெல்லிலேயே ஓட்டுங்கள். முந்தைய பதிலில் வேண்டாம் என்று சொன்னது இன்டெல்லை நிறுத்துவதைத்தான். இரண்டாவது சிப்பை நிறுத்துவதில் ஆபத்து இல்லை. ஆல்பம் வேலைக்கு அந்த வயது லேப்டாப்பில் ரேடியானைவிட எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும்தான் உதவும். கார்டின் பின்னால் அலைவதைவிட அந்தப் பணத்தை அதில் போடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, உங்கள் பிராசசர் 11-க்கான பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர்களின் படங்களை இந்த ஒரு லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் தனி ஹார்டு டிஸ்க்கிலும் நகல் வையுங்கள்.

காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கூட்டத்துக்காக புரொஜெக்டரை இணைத்ததும் ஃபேன் சத்தம் போடுகிறது, பேட்டரி வேகமாக இறங்குகிறது. எக்செல் மட்டும்தான் திறந்திருக்கிறது.

பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியாவோடு இணைக்கப்பட்டிருக்கும். கேபிளைச் செருகியதும் தூங்கிக்கொண்டிருந்த அந்தச் சிப் விழித்தே ஆக வேண்டும், எக்செல்லாக இருந்தாலும் சரி. என்விடியா கன்ட்ரோல் பேனலில் "கான்ஃபிகர் சரவுண்ட், பிஸ்எக்ஸ்" பக்கத்தில் எந்தத் துளை எந்தச் சிப்பில் இருக்கிறது என்று படமாகவே காட்டும். படம் அனுப்பும் வசதியுள்ள டைப்-சி துளை உங்களுடையதில் இருந்து, அது இன்டெல்லோடு இணைந்திருந்தால், ஒரு அடாப்டர் வாங்கி அதில் போடுங்கள். இல்லையென்றால் கூட்டத்துக்குச் சார்ஜரையும் எடுத்துப்போவதுதான் வழி.

அண்ணா, பர்கூரில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்விடியா எம்எக்ஸ் 250 உள்ள லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டேன். முதலில் கருப்புத் திரையில் நின்றது. நண்பன் சொல்லி ஒருவழியாக உள்ளே போனேன். இப்போது பேட்டரி விண்டோஸில் நின்றதில் பாதிகூட நிற்பதில்லை.

லினக்ஸில் இந்த வேதனைக்கு நீண்ட வரலாறு உண்டு தம்பி. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஆப்டிமஸ் லேப்டாப்பால் அவதிப்பட்ட ஒருவர் கேட்ட கேள்விக்குத்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை மேடையிலேயே கடுமையாகத் திட்டினார். கம்பெனி கைகொடுக்காத அந்த வருடங்களில் பம்பிள்பீ என்ற திட்டத்தைத் தன்னார்வலர்கள் எழுதி, இரண்டாவது சிப்பை லினக்ஸில் எழுப்பவும் தூங்கவைக்கவும் வழி செய்தார்கள். இன்று நாம் படிக்கவும் வேலை செய்யவும் முடிவதில் அவர்கள் பங்கு பெரிது. ஒவ்வொரு மென்பொருளையும் தேவைக்கேற்ப என்விடியாவில் ஓட்டும் வசதி என்விடியாவின் சொந்த லினக்ஸ் டிரைவரில் 2019-ல்தான் வந்தது. பழைய வலைப்பக்கங்களில் பம்பிள்பீயை நிறுவச் சொல்லியிருந்தால் இப்போது அதைப் பின்பற்றத் தேவையில்லை.

கருப்புத் திரைக்கு: துவக்க மெனுவில் ஆங்கில "ஈ" எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் ஒரு இடைவெளி விட்டு, "நோமோட்செட்" (nomodeset) என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்துத் துவக்குங்கள். இது உள்ளே போவதற்கு மட்டும், நிரந்தரமாக வைக்காதீர்கள். உள்ளே போனதும் "அடிஷனல் டிரைவர்ஸ்" பக்கத்தில் உபுண்டு பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைப் போடுங்கள். என்விடியா தளத்திலிருந்து நேராக எடுத்துப் போட வேண்டாம், அடுத்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டில் உடையும். செக்யூர் பூட் (அனுமதியில்லாத மென்பொருள் துவக்கத்தில் ஏறாமல் தடுக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் நீலத் திரையில் அதையே கொடுத்து அனுமதிக்க வேண்டும். பலர் அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

பேட்டரி விஷயம் வேறு. எம்எக்ஸ் 250 என்விடியாவின் பாஸ்கல் என்ற சிப் தலைமுறையைச் சேர்ந்தது. பயன்படுத்தாதபோது சிப்பை முழுமையாக அணைத்துவிடும் வசதியை என்விடியாவின் லினக்ஸ் டிரைவர் அதற்கு அடுத்து வந்த டூரிங்கிலிருந்துதான் கொடுக்கிறது. அதனால் "ஆன் டிமாண்ட்" (தேவைப்படும்போது மட்டும் என்விடியா) நிலையில் விட்டால் உங்கள் சிப் சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடிக்கும். வகுப்பு நாட்களில் என்விடியா செட்டிங்ஸில் பிரைம் புரொஃபைல்ஸ் பக்கத்தில் இன்டெல்லைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். புராஜெக்ட்டுக்கு CUDA (என்விடியா சிப்பில் கணக்கீடுகளை ஓட்டும் வசதி) வேண்டும்போது திரும்ப மாற்றிக்கொள்ளலாம். பாஸ்கலுக்குக் கடைசி டிரைவர் வரிசை 580 என்பதையும் நினைவில் வையுங்கள். அதைவிடப் புதிதாக ஒன்று பட்டியலில் தெரிந்தால் தொடாதீர்கள்.

பென்னாகரம்: நல்ல டிரைவர் போட்டு வைத்தால் இரண்டு நாளில் விண்டோஸ் அப்டேட் வேறு ஒன்றை மாற்றி வைக்கிறது. எப்படி நிறுத்துவது?

டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பிராப்பர்டீஸில் "ரோல் பேக் டிரைவர்" கொடுங்கள். பிறகு மைக்ரோசாஃப்டின் "ஷோ ஆர் ஹைடு அப்டேட்ஸ்" கருவியில் அந்த ஒரு அப்டேட்டை மட்டும் மறைத்துவிடுங்கள். புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விருப்பம் இருக்கிறது. மொத்த அப்டேட்டையும் நிறுத்தச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும்.

அரூரில் இருந்து எழுதுகிறேன். என்விடியா சில நாள் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு கோட் 43 காட்டுகிறது, சில நாள் காணவே காணோம். கடையில் "சிப்பைச் சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

கோட் 43 மட்டும் என்றால் டிரைவராகவும் இருக்கலாம். மேலே சொன்னபடி துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள், பயாஸ் அப்டேட் இருந்தால் அதையும் செய்யுங்கள். ஆனால் ஒரு நாள் தெரிந்து ஒரு நாள் காணாமல் போவது பெரும்பாலும் ஹார்டுவேர் பழுதின் அறிகுறி. சூடாகியும் ஆறியும் சிப்புக்கு அடியில் உள்ள இணைப்புகளோ சிப்போ தளர்ந்திருக்கும். நம் பக்கத்து வெயிலில் தூசியடைத்த ஃபேனோடு வருடக்கணக்கில் ஓடிய லேப்டாப்களில் இது வருகிறது. சூடுகாட்டுவது நிலையான ரிப்பேர் அல்ல. கொஞ்ச நாளில் திரும்ப வரும், சுற்றியுள்ள பாகங்களும் கெடலாம். என் யோசனை: ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். என்விடியாவை டிசேபிள் செய்து இன்டெல்லில் ஓட்டுங்கள். வீட்டு வேலைக்கு அது போதும்.

தம்பி, பாலக்கோட்டில் டீச்சராக இருக்கிறேன். மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் பழைய லேப்டாப் பார்த்தோம். "4 ஜிபி கிராபிக்ஸ் இருக்கிறது, எல்லாம் பறக்கும்" என்று விலை கூட்டிச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் மேடம். பி.காம். படிப்புக்கு டேலியும் எக்செல்லும் ஆன்லைன் வகுப்பும்தான். அதற்கு இரண்டாவது கிராபிக்ஸால் ஒரு பயனும் இல்லை. சூடு, எடை, பேட்டரி செலவு, இந்தப் பக்கம் முழுக்க நீங்கள் படித்த டிரைவர் தொல்லை எல்லாம் கூடவே வரும். இன்டெல் மட்டும் உள்ள லேப்டாப்பே உங்கள் மகளுக்கு நிம்மதி. பிராசசர் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்டோஸ் 11-ஐ முறையாக ஏற்கும் இன்டெல் லேப்டாப்கள் அநேகமாக அந்தத் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வீடியோ எடிட்டிங்குக்கோ டிசைனுக்கோ இரண்டாவது சிப் உண்மையிலேயே தேவை என்றால், ஜிபி கணக்கைப் பார்க்காதீர்கள், எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 940எம்எக்ஸ், எம்எக்ஸ் 130 மேக்ஸ்வெல் தலைமுறை. எம்எக்ஸ் 150, 250, 350, ஜிடிஎக்ஸ் 1050, 1060 பாஸ்கல். இவற்றுக்கு என்விடியாவின் வழக்கமான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். பழைய லேப்டாப் என்றால் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது எம்எக்ஸ் 450-க்குக் கீழே போகாதீர்கள்.

கடையில் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். லேப்டாப்பைப் போடச் சொல்லி, டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்து அங்கே இருக்கும் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மாடல் எண்ணையும் சேர்த்து எழுதி அனுப்பினால், பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.