‘சிஜில் மாத்தி’க்கு 350 ரிங்கிட்டா?
பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பா பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். இறுதிச் சடங்கை ஏற்று நடத்திய நிறுவனம் பெட்டி, வண்டி, பூ, பண்டாரம் தட்சணை என்று போட்ட பில்லில் ‘சிஜில் மாத்தி (மரணச் சான்றிதழ்) ஏற்பாடு 350 ரிங்கிட்’ என்றும் ஒரு வரி இருந்தது. துக்க வீட்டில் யார் பேரம் பேசுவது? கொடுத்துவிட்டோம். ஐந்தாம் நாள் வங்கிக்குப் போனால், அவர்கள் தந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது மரணச் சான்றிதழே இல்லை என்கிறார்கள். தம்பி மாநகர் மன்றத்தில் போய்க் கேட்கச் சொல்கிறான். எங்கே போவது? கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: நாள் தவறிவிடக் கூடாது என்பதால் உங்களுக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டோம். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறோம்.

மாநகர் மன்றத்துக்கும் மரணச் சான்றிதழுக்கும் சம்பந்தம் இல்லை. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் நகராட்சிதான் சான்றிதழ் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் பிறப்பையும் இறப்பையும் பதிவது தேசியப் பதிவு இலாகா, அதாவது ஜேபிஎன். தீவில் இருக்கும் உங்களுக்கு ஆன்சன் சாலையின் கூட்டரசுக் கட்டடத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பது ‘பெர்மிட் மெங்குபுர்க்கான்’ எனப்படும் அடக்க அனுமதி. புதைப்பதற்கோ எரிப்பதற்கோ அது போதும். பத்து லஞ்சாங் மயானத்தில் கேட்பதும் அதைத்தான். காரியம் தடையில்லாமல் நடந்து முடிந்துவிடுவதால், பத்திரம் கிடைத்துவிட்டது என்று குடும்பம் நம்பிவிடுகிறது. தகனம் முடிந்ததும் மயானத்தில் தரும் ரசீதும் அப்படித்தான். அதையும் வங்கி ஏற்காது.

அந்த அனுமதித் தாள், இறப்புக்கான காரணத்தை மருத்துவர் உறுதிசெய்து கொடுத்த படிவம், இறந்தவரின் மைகார்டு (அடையாள அட்டை), பதியப் போகிறவரின் மைகார்டு இவற்றோடு நெருங்கிய உறவினர் ஒருவர் ஜேபிஎன் முகப்புக்குப் போனால் போதும். பதிவு செய்வதற்கான கெடு 7 நாள். கெடுவுக்குள் பதிந்தால் கட்டணம் ஒரு சென்னும் இல்லை. தாமதமானால் விளக்கம், கூடுதல் ஆவணம், விசாரணை என்று வேலை நீளும். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் அப்பாவின் மைகார்டை முன்னும் பின்னும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இறப்பைப் பதியும்போது அந்த அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு காப்புறுதி நிறுவனமோ சேம நிதி வாரியமோ நகல் கேட்டால் எங்கே போய்த் தேடுவது?

முகப்பில் சான்றிதழை நீட்டியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அடையாள அட்டை எண் 12 இலக்கம். முதல் ஆறு, பிறந்த ஆண்டும் மாதமும் நாளும். அடுத்த இரண்டு, பிறந்த இடம். பினாங்கில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை எண், பெண்ணுக்கு இரட்டை எண். பிறகு பெயர், ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்பதற்குப் பின் வரும் தாத்தாவின் பெயர், இறந்த தேதி, இறப்பின் காரணம். காப்புறுதி நிறுவனங்கள் உற்றுப் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள். பின்னால் திருத்த வேண்டுமென்றால் சத்தியப் பிரமாணம், ஆதார ஆவணங்கள் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலைக் காட்டி, உறுதிப்படுத்திய நகலைக் கொடுப்பதுதான் முறை. தொலைந்துபோனாலும் ஜேபிஎன்னில் சிறு கட்டணம் கட்டிப் பதிவின் பிரதியை வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஒரு தாளை வைத்துத்தான் சேம நிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வங்கிக் கணக்கு எல்லாமே நகரும். உயில் எழுதாமல் போனவரின் பெயரில் வீடோ நிலமோ இருந்து, மொத்தச் சொத்து மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் நில அலுவலகத்திலேயே சிறு சொத்து விண்ணப்பம் கொடுக்கலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. நிலபுலன் இல்லை, ரொக்கம் போன்ற அசையும் சொத்து மட்டும்தான், அதுவும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவை அணுகலாம்.

இனி அந்த 350 ரிங்கிட். இலவசமாகக் கிடைப்பதை வாங்கித் தர அலைச்சல் கூலி கேட்பதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. எங்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் உங்களுக்கு நடந்தது அதுவல்ல. பில்லில் எழுதிய சேவையை அவர்கள் செய்யவே இல்லை. ஆஸ்பத்திரி தரும் அனுமதித் தாளைக் கையில் திணித்துவிட்டுச் சான்றிதழுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். பில்லின் நகலை இணைத்து, 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் கடிதத்தைக் கண்டதுமே தொலைபேசி வரும். வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் அது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 350 ரிங்கிட்டுக்காக மன்றம் ஏறுவதா என்று தயங்க வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் இப்படிப்பட்ட வரிகள் பில்லில் ஏறுகின்றன.

கேள்வி: அம்மாவின் மரணச் சான்றிதழில் பெயர் மைகார்டில் உள்ளபடி சரியாக இருக்கிறது. ஆனால் வீட்டு கிராண்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், வேறு எழுத்தில் இருக்கிறது. சான்றிதழை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: தொடவே தொடாதீர்கள். சான்றிதழ் சரி, கிராண்டில்தான் வேறுபாடு. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஏதேனும் இருந்தால் சேர்த்து நில அலுவலகத்தில் கொடுங்கள். நம் தாத்தா பாட்டிகளின் பெயரைத் தோட்டத்துக் கிராணி ஒரு விதமாகவும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதி வைத்தார்கள். நில அலுவலக முகப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி.

கேள்வி: ஊர் திரும்பிய தாத்தா 1987இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் இறந்தார். அவர் பெயரில் அங்கே நிலம் இருக்கிறது. மரணச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று இங்குள்ள ஒருவர் 3,000 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தாத்தா எந்த இடத்தில் இறந்தார் என்பதை விசாரித்தாரா? அதைக் கேட்காமலே பணம் கேட்டிருந்தால் வேலை தெரியாதவர்.

இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவு. குடியிருந்த ஊர் கிராமமாகவே இருந்தாலும், தஞ்சாவூர் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அந்த நகரத்துப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். வீட்டிலேயே இறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். பழைய ஏடு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அங்கிருக்கும் உறவினர் ஒருவர் மனுக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். பதிவேட்டில் தேடவும் பிரதி பெறவும் சட்டம் இடம் தருகிறது, கட்டணமும் சொற்பம்தான். தேதி சரியாகத் தெரியாவிட்டால் ஆண்டையும், தை மாதமா ஆடி மாதமா என்பதையும் சொன்னாலே தேடும் வேலை பாதியாகிவிடும். திதி கொடுத்து வருகிறவர்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். மலேசியச் சான்றிதழில் இருப்பதுபோல அந்தப் பிரதியில் இறப்பின் காரணம் இருக்காது. குறையென்று எண்ணி வாதாட வேண்டாம், சட்டமே அப்படித்தான்.

பதிவே ஆகவில்லை என்றால், ‘பதிவு இல்லை’ என்று ஒரு சான்று வாங்கிக்கொண்டு தாமதப் பதிவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். ஓராண்டைத் தாண்டிய இறப்புக்கு நடுவரின் உத்தரவு கட்டாயம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மாவட்ட நிர்வாக நடுவர்களிடம் வந்திருக்கிறது. இந்தக் கட்டத்துக்கு வந்தால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. அந்தச் செலவு நியாயமானது.

நீங்கள் வாரிசு என்று காட்ட உங்கள் அப்பாவின் மலேசியப் பத்திரங்களும் அங்கே தேவைப்படும். அவற்றை வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் சான்றொப்பம் பெற்று, பிறகு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். மலாயில் இருப்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும். இந்த வேலையை இங்கிருந்து நீங்களே செய்யலாம். 3,000 ரிங்கிட் கேட்டவர் இதையும் சேர்த்துத்தான் சொன்னாரா என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.