உரிகத்தியின் வாய் உதிர்கிறது: பதில்

வணக்கமுங்க. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கிய கத்தி, கிடாய் விருந்தன்று இரண்டாவது ஆட்டிலேயே பல் பல்லாக உதிர்ந்துவிட்டது, இரும்பு மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரும்பைக் குறை சொல்ல மாட்டேன். பட்டை எஃகில் கரி (கார்பன்) 0.6 சதவீதம் போல இருக்கும், கத்திக்கு அது தாராளம். மட்டமான இரும்பென்றால் வாய் மடங்கும், உதிராது. சந்தேகம் தோய்ச்சலில்தான். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதும் எஃகு கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டி அந்த விறைப்பை இறக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டிருப்பார்கள். (ஈரோடு பக்கம் கொடுமணலில் 2,000 ஆண்டுக்கு முந்தைய இரும்பு உலைகளே கிடைத்திருக்கின்றன. நம் பக்கத்துக்குத் தெரியாத வேலையா இது!)

பழைய அரம் ஒன்றை வாயில் இழுத்துப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் நான் சொன்னதுதான். பிடியைக் கழற்றி, அலகைப் பளபளவெனத் தேய்த்து, கேக் சுடும் ஓவனில் 200 முதல் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு இன்னொரு முறை. வெளிர் வைக்கோல் நிறம் ஏறினால் சரி.

அப்புறம் உதிர்ந்த வாயைத் தீட்டும்போது மோட்டார் சாணையில் அழுத்தாதீர்கள். எனக்கு ஒரு நல்ல கத்தி அப்படித்தான் போனது: நுனி நீலம் பாய்ந்து, அந்த இடம் மட்டும் பதம் இறங்கிவிட்டது. தண்ணீரில் முக்கி முக்கித் தீட்டுங்கள்.

ஒன்று கேட்கிறேன், ஆட்டின் மூட்டுக்குள் இந்தக் கத்தியை விட்டு நெம்பினீர்களா? அதற்கு வெட்டுக்கத்தி இருக்கிறதுங்க.