பழைய காருக்கு சிந்தெடிக் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? ஊற்றினால் ஒழுகும் என்கிறார்களே, உண்மையா?

ஊற்றலாம். ஒழுகும் என்று சொல்கிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவை அந்த மீதிதான்.

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய கார், மெக்கானிக் சிந்தெடிக் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள், வண்டி எது என்று எழுதவில்லை. மாருதி 800, ஜென், சான்ட்ரோ மாதிரி ஒரு பெட்ரோல் வண்டி, வீட்டில் பெரியவர் யாரோ ஓட்டி உங்கள் கைக்கு வந்தது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டீசல் என்றால் இதில் பாதி பொருந்தாது.

நான் ஆயில் விற்பவள் இல்லை, மெக்கானிக்கல் இன்ஜினியரும் இல்லை. கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. "உங்களுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது வருவார்கள், வரட்டும். அப்பாவின் 1998 ஜென்னை இன்றுவரை நான்தான் ஓட்டுகிறேன், அதன் பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத்தான் பேசுகிறேன்.

கார்பரேட்டர் ஜென் அது. 993 சிசி, அலுமினிய இன்ஜின். அப்பா மில்லில் இருந்து ரிட்டையர் ஆகும்வரை அதில்தான் போய்வந்தார். கடைசிவரை 20டபிள்யூ-50 என்ற கெட்டியான மினரல் ஆயில்தான் (சிந்தெடிக் இல்லாத வழக்கமான ஆயில்) ஊற்றினார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டி என் கைக்கு வந்தபோது போர்ட்டிகோ டைல்ஸில் தினமும் ஆயில் சொட்டு இருக்கும். சிக்னலில் நின்றால் கருகிய வாசம் வரும். டேப்பட் கவரில் (இன்ஜினின் மேல் மூடி) இருந்து வழிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்து எரிகிற வாசம் அது.

அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். சிந்தெடிக்குக்கு மாறலாமா என்று கேட்டது நான். அந்த சூப்பர்வைசர் பதில் சொன்னது அவரிடம். "பழைய வண்டிங்க சார். சிந்தெடிக் ஊத்தினா இருக்கற சீல் எல்லாம் போயிருமுங்க. கெட்டி ஆயிலாவே ஊத்தி ஓட்டுங்க. கொறைஞ்சா டாப் அப் பண்ணிக்கலாம்." "எனக்கு ஆயில் பற்றி ஒன்றும் தெரியாது, வண்டி இவளுடையது, இவளிடம் சொல்லுங்கள்" என்று வீட்டுக்காரரே சொன்ன பிறகும் அந்த ஆள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி வைத்திருக்கும் பெண்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஆயில் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லாதீர்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டியை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூரில் எங்களுக்குத் தெரிந்த அண்ணனிடம் போனேன். அவர் ஆயிலைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் டேப்பட் கவரைக் கழற்றினார். சுற்றி இருந்த ரப்பர் பேக்கிங்கை எடுத்தபோது அது கையிலேயே இரண்டாக ஒடிந்தது. புதுசையும் பழசையும் பனியன் வேஸ்ட்டில் துடைத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நகத்துல அழுத்திப் பாருங்க அக்கா" என்றார். புதுசில் நகம் பதிந்து, எடுத்ததும் தழும்பு மறைந்தது. பழசில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. "இதுல தண்ணி ஊத்தினாலும் ஒழுகும், தேன் ஊத்தினாலும் ஒழுகுமுங்க. தேன் கொஞ்சம் மெதுவா ஒழுகும், அவ்வளவுதான்."

ஒர்க்‌ஷாப்காரர் விட்டுவிட்ட மீதி இதுதான். பழைய இன்ஜினில், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் சூட்டில் வெந்து இறுகிப்போயிருக்கும். இத்தனை வருடம் படிந்த கசடு அந்த இடுக்குகளை அடைத்துக்கொண்டு இருக்கும். நல்ல டிடர்ஜென்ட் உள்ள ஆயில் போனால் அந்தக் கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அப்போதுதான் ஏற்கெனவே செத்துப்போன சீல் வெளியே தெரிகிறது. சீலைக் கெடுத்தது புது ஆயில் இல்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1970களில் வந்த ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்களில் இந்தப் பிரச்சினை உண்மையாகவே இருந்தது. பிஏஓ என்கிற செயற்கை எண்ணெய் ரப்பரைச் சுருக்கும், எஸ்டர் வகை ரப்பரை உப்ப வைக்கும். இன்றைய ஆயில்களில் இரண்டையும் ஈடுகட்டித்தான் கலக்கிறார்கள். அதோடு, இப்போது சிந்தெடிக் என்று விற்கிறதில் பெரும்பங்கு நன்றாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெய்தான், குரூப் 3 என்பார்கள். 1999ல் அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இதை சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று ஒரு விளம்பரத் தகராறு வந்து, சொல்லலாம் என்று முடிவானது. அதற்குப் பிறகு பல கம்பெனிகள் அப்படியே விற்கின்றன. அது மட்டமான ஆயில் என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து சீல் கரைந்துவிடும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

அண்ணன் டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் உண்டு, அந்த ஜென்னில் வழக்கமாக ஒழுகும் இடம் அது, அதையும் மாற்றினார். டைமிங் பெல்ட் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. பெல்ட்டைக் கழற்றும்போதே உள்ளே இருக்கும் கேம் சீல், முன்பக்க கிராங்க் சீல் இரண்டையும் மாற்றிவிட வேண்டும். சீலின் விலை சொற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் பெரிது. அதுவும் இல்லாமல் பெல்ட்டில் ஆயில் பட்டால் பெல்ட்டே சீக்கிரம் போய்விடும். பின்பக்க கிராங்க் சீலுக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது காய்ந்துதான் இருந்தது, தொடவில்லை. தேவையில்லாத வேலையை இழுத்துப்போடாத மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து, ஆயில் உள்ளே எரிகிறதா என்று காட்டும் புகை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முதல் சில நொடி மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். மலையில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தாலும் அதேதான். மேடு ஏறும்போது விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்கும் அது உரசும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கிறது. அப்படி ரிங் போன இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊற்றாதீர்கள், காசு புகையாகப் போகும். இன்ஜினை ரிப்பேர் செய்யும்வரை 20டபிள்யூ-50 மினரலே ஊற்றி ஓட்டுங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை.

"சிந்தெடிக் தண்ணி மாதிரி இருக்கும்" என்பது இன்னொரு குழப்பம். ஆயில் கேனில் உள்ள எண்ணைப் பாருங்கள். கடைசி எண் 40 என்றால், 100 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை (எவ்வளவு கெட்டி என்ற அளவு) 12.5க்கும் 16.3 சென்டிஸ்டோக்குக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது, ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் விதி. மினரலானாலும் சரி, சிந்தெடிக்கானாலும் சரி, அதே எல்லைதான். சூடான இன்ஜினில் 5டபிள்யூ-40 சிந்தெடிக்கும் 15டபிள்யூ-40 மினரலும் ஒரே வகுப்பு. தண்ணியாக இருப்பது இப்போதைய புது வண்டிகளுக்கு ஊற்றுகிற 0டபிள்யூ-20, அதன் எல்லை 6.9 முதல் 9.3 வரை. அதை நம் பழைய வண்டியில் ஊற்றினால் தப்புதான். ஆனால் அது எண்ணின் தப்பு, சிந்தெடிக்கின் தப்பு இல்லை.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது, நம் ஊரில் ஏது குளிர் என்பார்கள். பனி இல்லைதான். ஆனால் 40 டிகிரி சூட்டில்கூட 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30ஐப்போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. ஒரு வாரம் நின்ற வண்டியை எடுக்கும்போது மேலே ஆயில் ஏறும்வரை டேப்பட் கடகடவென்று அடிப்பது அதனால்தான். கார் கையேட்டில் வெப்பநிலைக் கோடு போட்டு எந்த கிரேடு எதுவரை என்று ஒரு பட்டை வரைந்திருப்பார்கள். நம் வெயிலுக்கு 40 அல்லது 50 வரும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். (அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கேம் மேல் உரசுகிற தட்டை டேப்பட்டுக்கு துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்ந்த தேய்மானத் தடுப்பு அதிகம் வேண்டும். ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்எம், எஸ்என் ஆயில் தரங்களில் பாஸ்பரஸுக்குப் போட்ட கட்டுப்பாடு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்குத்தான். அதனால் 20டபிள்யூ-50தான் அந்த வண்டிக்குப் பாதுகாப்பு.)

சீல் வேலை முடிந்ததும் முதலில் 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் ஊற்றினோம். கசடு கரைந்து வரும் என்பதால் வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிட்டோம். வடித்த ஆயில் கருகருவென்று இருந்தது. அதற்குப் பிறகு 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக். போர்ட்டிகோ டைல்ஸ் காய்ந்திருக்கிறது. இரண்டு ஆயில் சேஞ்சுக்கு நடுவில் டாப் அப் செய்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு இரண்டாம் கியரிலேயே ஏறினாலும் இன்ஜின் சத்தம் மாறுவதில்லை. மைலேஜ் ஏறவில்லை. ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல சிந்தெடிக் என்பதற்காக நாள் தள்ளிப் போடவும் கூடாது. கார்பரேட்டர் வண்டியில் சோக் இழுக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் அது ஆவியாகிற அளவுக்கு இன்ஜின் சூடாகாது. நான் 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றுகிறேன். இதைக் கணக்குப் பார்த்தால் சிந்தெடிக் லாபம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பணக்கணக்கில் அவர்கள் சொல்வது சரி. நான் இன்ஜினுக்காகச் செய்கிறேன்.

பழசு என்றாலே மட்டமானது போதும் என்ற இந்த எண்ணம் ஒர்க்‌ஷாப்பில் மட்டும் இல்லை. 15 வருடம் தாண்டிய காரின் ஆர்சியைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025ல் 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இது. புகை சோதனையில் பாஸ் ஆகிற, பிரேக் பிடிக்கிற, ஒரு சொட்டு ஆயில் ஒழுகாத வண்டிக்கும் அதே கட்டணம், கவனிப்பாரில்லாமல் கிடந்த வண்டிக்கும் அதே கட்டணம். கட்டணம் போடும்போது வருடத்தைப் பார்க்கிறார்களே தவிர, வண்டியை யாரும் பார்ப்பதில்லை. ஓய்வூதியத்தில் ஒரு மாருதி 800 வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற பெரியவர் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்? எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். இந்த வாரம் ஆயில் வாங்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் டிப் ஸ்டிக்கைத் துடைத்து அளவு பாருங்கள். இரவில் அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் சொட்டு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டைமிங் பெல்ட் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா என்று தெரிந்தாலே எந்த சீல் என்று மெக்கானிக்குச் சொல்லிவிடலாம். முதலில் அந்த வேலை, பிறகு ஆயில். கேனை உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள், டிரம்மில் இருந்து ஊற்ற விடாதீர்கள். ஊற்றி முடித்ததும் காலி கேனை அங்கே விட்டுவிட்டு வராமல் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல பெயருள்ள கேனைத் தேடி வாங்கி, அதில் கண்ட எண்ணெயை நிரப்பி விற்கிற கூட்டம் இருக்கிறது.