தாத்தாவின் பழைய கடிதங்களையும் கடற்படைச் சேவைப் பதிவையும் எப்படிப் பாதுகாத்து எழுதி எடுப்பது?

திருகோணமலையில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான், அம்மப்பாவின் தகரப் பெட்டி. முதலில் ஒன்று, லெமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். நான் ஒரு கடிதத்தைக் கடையில் கொடுத்துச் செய்தேன், சூட்டில் ஒட்டியது ஒட்டியதுதான், இனிப் பிரிக்க வழியில்லை. செலோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றி, மடிப்பை விரித்து, அமிலமில்லாத தாள் உறையில் வையுங்கள். எங்கள் ஊரில் ஐப்பசியில் மழை பிடித்தால் சுவரே வேர்க்கும், அதனால் வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரி சரிவராது.

படமெடுக்க ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு), கலரில். இல்லையென்றால் ஜன்னலோரம் வைத்து ஃப்ளாஷ் இல்லாமல் போனிலேயே எடுக்கலாம்.

எழுதி எடுக்கும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், பிழையையும் திருத்தாதீர்கள், உங்கள் ஊகத்தைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'வர' என்பதை 'வா' என்று படித்துவிட்டு, அம்மப்பா யாரைக் கூப்பிடுகிறார் என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். தேதியும் அப்படித்தான். ஒரு கடிதத்தின் தலையில் 'சித்திரபானு ௵ சித்திரை ௴ ௰௮ ௳' என்று இருந்தது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௰௮ பதினெட்டு. சித்திரபானு அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெயர், 1882, 1942, 2002 என்று. நமக்கு 1942தான், சித்திரை 18 என்றால் ஏப்ரல் கடைசி. ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரன் இங்கே குண்டு போட்டு மூன்று கிழமை. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அரிசி விலையும் மாட்டுக்குச் சுகமில்லாததும்தான் எழுதியிருக்கிறார்!

சேவைப் பதிவில் இன்னொரு பொறி இருக்கிறது. 'கப்பல்' என்ற பத்தியில் 'ஹைஃப்ளையர்' என்று கண்டு, அம்மப்பா அந்தக் கப்பலில் ஊர் ஊராகப் போனவர் என்று வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்தோம். ராயல் நேவி, அதாவது பிரிட்டிஷ் கடற்படை, தன் கரைத் தளங்களுக்கும் கப்பல் போலவே பெயர் வைக்கும், ஹைஃப்ளையர் என்பது இங்கே திருகோணமலையில் இருந்த தளம், கொழும்பில் இருந்தது 'லங்கா'. 'வி.ஜி.' என்று வருஷா வருஷம் இருந்தால் பயப்பட வேண்டாம், நடத்தை மிக நன்று என்று அர்த்தம். உங்கள் கையில் பதிவு முழுசாக இல்லையென்றால், பிரிட்டிஷ் படைகளின் பழைய சேவைப் பதிவுகள் 2022 முதல் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறி வருகின்றன, அங்கே தேடிப் பாருங்கள்.

ஹைஃப்ளையர் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவர் சைக்கிளிலதான் வேலைக்குப் போனவரோ?" என்று கேட்டார்.